இடுப்போடு தைத்த கை

என் அம்மாவின் வலக்கை மூன்று கிழமைக்கு மேல் அவருடைய இடுப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா மின்சார வேலைக்கு ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். கிழமையில் சில நாள் பள்ளிக்கூடம், மற்ற நாட்கள் தொழில். இரவில் எங்கள் சோபாதான் அவருக்குக் கட்டில்.

அம்மா நகரத்துக்கு வெளியே ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே லொறி லொறியாக வரும். விடியுமுன்னே அவர் புறப்பட்டுவிடுவார். அப்பாவுக்கு ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. மத்தியானம் போனால் நாங்கள் எல்லோரும் படுத்த பிறகுதான் வருவார். திங்கட்கிழமை அப்பாவுக்கு லீவு, அம்மாவுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு, அப்பாவுக்கு வேலை. ஒருவர் சமைத்து வைத்ததை மற்றவர் சூடாக்கிச் சாப்பிடுவார். ஒருவர் காயப்போட்ட உடுப்பை மற்றவர் மடித்து வைப்பார். எல்லா வீடுகளிலும் தாயும் தகப்பனும் இப்படி மாறி மாறித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மாவின் தொழிற்சாலையில் விரிப்புகளை உலர்த்தி மடிப்பு எடுக்கும் பெரிய சூட்டு உருளைகள் உண்டு. ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உள்ளே விடவேண்டும். அன்று ஒரு விரிப்பின் ஓரம் சுருண்டு போக, அதை நீவிவிடலாம் என்று அம்மா கையை நீட்டினார். விரிப்போடு கையும் போய்விட்டது. எதிர்ப்பக்கம் நின்ற போலந்துப் பெண் நிறுத்தும் கம்பியை உடனே இழுத்தாள். உருளை நின்றது. ஆனால் நின்ற உருளையும் சூடுதானே. கையை வெளியே எடுக்கும்வரை அது அந்தச் சூட்டுக்குள் நசிந்தபடியே இருந்தது. விரல்களில் பட்டது பரவாயில்லை. புறங்கைதான் போய்விட்டது.

மாமா வேலை உடுப்போடு என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். காற்சட்டைப் பையில் ஸ்குரூட்ரைவர் அப்படியே இருந்தது.

"அம்மாவுக்குக் கையில சின்னக் காயம். பாத்திட்டு வருவம்" என்றார்.

சின்னக் காயத்துக்கு மாமா வேலையை விட்டுவிட்டு வரமாட்டார்.  ட்ராமில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா ஒரு தள்ளுகட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கையை ஈரத் துணிகளால் சுற்றியிருந்தார்கள். அப்பா குசினி உடுப்போடு வந்து பக்கத்தில் நின்றார். கால் சப்பாத்தெல்லாம் கோதுமை மா. கை அறுவைச் சிகிச்சைக்குப் பொறுப்பான டொக்டர் ஓர் உயரமான பெண். நரைத்த தலைமயிரை ஆண்களைப் போலக் கட்டையாக வெட்டியிருந்தார். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, அப்பாவின் முகத்துக்கு நேரே அமர்ந்து பேசினார். அப்பாவின் ஜெர்மன் குசினி ஜெர்மன், அதிலும் பாதி இத்தாலியன். அதனால் மாமாதான் மொழிபெயர்த்தார்.

டொக்டர் நீளமாகச் சொன்னார். புறங்கையின் தோல் முழுவதும் இறந்துவிட்டது. அதற்குக் கீழே விரல்களை இழுக்கும் நாண்கள் வெளியே தெரிகின்றன. இறந்த சதையை இன்றைக்கே வெட்டி அகற்றவேண்டும். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் திறந்து பார்க்கவேண்டும். கையைக் காப்பாற்ற எல்லாம் செய்வோம், ஆனால் இழக்கவும் நேரலாம்.

"காயத்தைத் துப்புரவாக்கி மருந்து கட்டுவினமாம் அத்தான். கொஞ்ச நாள் எடுக்குமாம்" என்றார் மாமா.

அப்பா ஆறுதலாக மூச்சு விட்டார். எனக்கு விளங்கவில்லை. மாமா நல்ல ஜெர்மன் பேசுவார், என் வீட்டுப்பாடத்தில் பிழை திருத்துகிறவர் அவர்தான். இந்தச் சின்ன விஷயம் அவருக்கு எப்படித் தவறிப்போனது?

"மாமா, அவ அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

மாமாவின் கை என் தோளை அழுத்தியது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னவ, பிள்ளை?"

"கை இல்லாமப் போகவும் கூடும் எண்டு சொன்னவ."

அப்பா சுவரோடு சாய்ந்தார். சாய்ந்தபடியே சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மாமாவைப் பார்த்து, நான் சொல்வதை நான் சொன்னபடியே சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்றார். பிறகு என்னிடம், இது பிள்ளைகள் சுமக்கிற வேலை இல்லை, நீ வெளியே இரு என்றார். நான் வெளியே இருந்தேன். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

இரண்டு முறை வெட்டித் துப்புரவாக்கினார்கள். இரண்டுக்கும் இடையில் காயத்தின் மேல் கறுப்புப் பஞ்சு ஒன்றை வைத்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கால் ஒட்டி, அதிலிருந்து ஒரு குழாயைச் சிறு பெட்டி ஒன்றுக்கு இழுத்திருந்தார்கள். காயத்தில் ஊறுவதையெல்லாம் அந்தப் பெட்டி இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இடைக்கிடை, கோப்பையின் அடியில் மிஞ்சிய தேத்தண்ணியை ஒருவர் உறிஞ்சுவதுபோலச் சத்தம் போடும். அம்மாவுக்கு அப்போது சாப்பாடோ தண்ணீரோ இறங்காத நேரம்.

"இது என்னைவிட நல்லாக் குடிக்குது" என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

காயம் துப்புரவாகிவிட்டது, இனி மூடவேண்டும் என்று டொக்டர் வந்து சொன்னார். நாண்களும் எலும்பும் தெரியும் இடத்தில் மெல்லிய தோல் பிடிக்காது. கொழுப்போடும் இரத்தக்குழாயோடும் சேர்ந்த தடித்த துண்டு வேண்டும். வேறு இடத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து பொருத்தும் அப்படியொரு துண்டுக்கு ஜெர்மனில் 'லாப்பன்' என்றே சொல்கிறார்கள். பாத்திரம் துடைக்கும் துணிக்கும் அதே சொல்தான். மாமா சொன்னதைச் சொன்னபடியே சொல்வதாக ஒப்புக்கொண்டவர் அல்லவா.

"அக்கான்ர கையில துணி வைச்சுத் தைக்கப்போயினமாம்" என்றார்.

அப்பா மாமாவைப் பார்த்தார். நான், எங்கள் குசினித் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் நீலக் கோடு போட்ட துணியை நினைத்துக்கொண்டேன். டொக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துக் கட்டில் விரிப்பின் மேலேயே ஒரு தொடையையும் கையையும் கீறிக் காட்டினார். தொடையிலிருந்து தோலும் கொழுப்பும் அதற்குரிய இரத்தக்குழாய்களும் எடுத்து, அந்தக் குழாய்களை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, மணிக்கட்டில் உள்ள குழாய்களோடு தைப்பார்கள். நூல் தலைமயிரைவிட மெல்லியதாம்.

அந்த அறுவை காலையில் தொடங்கிப் பின்னேரம்வரை நடந்தது. அம்மா வெளியே வந்தபோது புறங்கையில் ஒரு சதுரத் துண்டு மெத்தைபோல இருந்தது. தாதிமார் அடிக்கடி வந்து அதைத் தொட்டுச் சூடு பார்த்தார்கள். பேனா போன்ற ஒரு கருவியை அதன் மேல் வைப்பார்கள். நாய்க்குட்டி ஓடிக் களைத்து மூச்சு வாங்குவதுபோல இரத்தம் ஓடும் சத்தம் அதில் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் போனபோது மெத்தை இல்லை. பழைய கறுப்புப் பஞ்சும் உறிஞ்சும் பெட்டியும் திரும்பி வந்திருந்தன. அம்மா சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

டொக்டர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். இரவு முழுக்க அவர் படுக்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. இரத்தம் உள்ளே போகும் குழாய் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அதனால் பேனாவில் சத்தம் கேட்டிருக்கிறது. திரும்பி வரும் குழாய் அடைத்துவிட்டது. அப்படி அடைத்தால் துண்டு ஊதா நிறமாகும். வெள்ளைத் தோலில் அதை வாசலில் நின்றே கண்டுபிடிக்கலாம். உங்கள் தோலில் அந்த மாற்றம் எங்கள் கண்ணுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. திறந்து பார்த்தோம், சரிவரவில்லை. இதற்காக நான் வருந்துகிறேன்.

மாமா இதைத் தமிழில் எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் தொண்டையைச் செருமினார். அதற்குள் அம்மா சுவர்ப்பக்கம் இருந்து திரும்பாமலே, ஜெர்மனில், பிழையில்லாமல் கேட்டார்: கையை வெட்டுவதா, இல்லையா?

மாமா வாயைத் திறந்தபடி நின்றார்.

"உங்களுக்கு விளங்குமே அக்கா?"

"எட்டு வருசம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில நிண்டனான். அங்கை எல்லாரும் ஊமையோ?"

"அப்ப முதல் நாள் நான் சொன்னது...?"

"நீ அப்பிடிச் சொல்ல இவர் மூச்சு விட்டவர். அதாலைதான் நான் வாய் திறக்கேல்லை" என்றார் அம்மா. அப்பா அறையிலேயே இல்லை என்பதுபோல அம்மா 'இவர்' என்று சொன்னார். அப்பா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெட்டாமல் இருக்க இன்னொரு வழி உண்டு என்றார் டொக்டர். பழைய வழி. கையை இடுப்புக்குக் கொண்டுபோய், இடுப்பின் தோலை ஒரு பக்கம் வெட்டாமல் மடல்போல விரித்து, அந்த மடலைப் புறங்கையின் மேல் தைத்துவிடுவது. இடுப்பின் இரத்தத்தில் மடல் உயிரோடு இருக்கும். மெல்ல மெல்லக் கையிலிருந்து புதிய குழாய்கள் அதற்குள் வளரும். போதிய அளவு வளர்ந்ததும் இடுப்பிலிருந்து வெட்டிப் பிரிப்பது. அதுவரை கையை அசைக்க முடியாது. இதுவும் தவறினால் பிறகு தன்னிடம் வழி இல்லை.

சொல்லி முடித்துவிட்டு அவர் அப்பாவைப் பார்த்தார்.

"உங்கள் உதவி வேண்டும். உங்கள் மனைவியின் தோலின் நிறம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தினமும் பாருங்கள். ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால், சின்ன வித்தியாசமாக இருந்தாலும், உடனே சொல்லுங்கள்."

மாமா இதைச் சொன்னபடியே சொன்னார்.  அம்மா, அந்த நிலையிலும், சிரிப்புமாதிரி ஏதோ ஒன்று செய்தார்.

"இவருக்கு என்ர நிறம் எங்கை தெரியும்? வெளிச்சத்தில என்னைக் கண்டே கன காலம்."

அப்பா அன்றைக்கே கடைக்குப் போன் செய்து லீவு கேட்டார்.

அறுவைக்குப் பிறகு அம்மாவைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. வலக்கை இடுப்போடு அகலமான கட்டுகளால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஏதோ வலியில் இடுப்பைப் பொத்திக்கொண்டு இருப்பவர்போல இருந்தார். கட்டை விலக்கினால், இடுப்பிலிருந்து எழும்பிய தோல் ஒரு தடித்த குழாயாகச் சுருண்டு வந்து, புறங்கையில் விரிந்து தைக்கப்பட்டிருப்பது தெரியும். எது கை, எது வயிறு என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. நிமிர்ந்து நிற்கவும் ஏலாது, பக்கவாட்டில் படுக்கவும் ஏலாது. தும்மல் வந்தால்கூட அப்பா ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். நித்திரையில் கையை இழுத்துவிடுவேனோ என்ற பயத்தில் அம்மா நித்திரை கொள்ளவே மறுத்தார்.

அப்பாவின் வேலை தொடங்கியது. முதல் நாள் அவர் மணியை அடித்து அடித்துத் தாதியைக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் நிறம் மாறிவிட்டது என்றார். தாதி ஓடிவந்து தொட்டுப் பார்த்து, பேனாவை வைத்துக் கேட்டு, ஒன்றுமில்லை என்று போவாள். பின்னேரம்தான் காரணம் தெரிந்தது. வெளியே முகில் போய் வெயில் வருகிறபோதெல்லாம் அறையில் எல்லாமே நிறம் மாறியது. அடுத்த நாளிலிருந்து அப்பா மேலே எரிகிற விளக்கை அணைக்கச் சொல்வார். திரைச்சீலையை முழுக்கத் திறப்பார். தலையை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்து, முகில் விலகும்வரை காத்திருந்துவிட்டுப் பார்ப்பார்.

ஆனால் மடலை மட்டும் பார்த்து என்ன தெரியும்? மாறாத நிறம் எது என்று தெரிந்தால்தானே மாறிய நிறம் தெரியும். அதனால் மற்றக் கையைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். கழுத்து, காதுக்குக் கீழே, நெற்றி. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு நிறம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

"நான் என்ன நீங்கள் பெயின்ற் அடிக்கப்போற சுவரே?" என்று கேட்டார் அம்மா.

"அசையாதையும். வெளிச்சம் இப்பதான் வருது."

இடது முழங்கைக்குக் கீழே, உட்பக்கமாக, ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. விரல் நீளம். அப்பா அதைத் தடவிப் பார்த்தார்.

"இது எப்ப?"

"அதோ? அதே மெஷின்தான். போன வருசம்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"நீங்கள் வேலையால வரேக்க நான் நித்திரை. நான் எழும்பேக்க நீங்கள் நித்திரை. பிறகு அது காய்ஞ்சு போச்சு."

அப்பா அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். ஆஸ்பத்திரியில் தந்த ஆரஞ்சுப் பழச்சாற்றை நான் குடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ அளவெடுக்கிறார் என்று நினைத்தேன்.

தாதியிடம் நிறத்தைச் சொல்வது இன்னொரு கஷ்டம். ஒரு நாள் மடலின் மேற்பக்கம் எப்படி இருக்கிறது என்று தாதி கேட்டாள். "பனங்கட்டி நிறம். நல்ல பனங்கட்டி, பழசில்லை" என்றார் அப்பா. மாமா பரிதாபமாக என்னைப் பார்த்தார். கடைசியில் கரமெல் என்று சொல்லிவைத்தார். எந்தக் கரமெல், கடுமையானதா வெளிறியதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்த அறையில் அதைத் தீர்த்துவைக்க யாராலும் முடியவில்லை.

அம்மாவின் தலைமயிர் பின்னாலே சடைபிடித்துவிட்டது. ஒரு கையால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்பா சீப்பை எடுத்து, நுனியிலிருந்து தொடங்கி, சிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். பின்னத் தெரியாது, நான்தான் பின்னிவிட்டேன். அப்பா அம்மாவின் உடம்பைக் கழுவிவிட வரும்போது என்னை வெளியே போகச் சொல்வார்கள். நான் நடையில் நின்று தண்ணீர் மெஷினிலிருந்து கோப்பை கோப்பையாக எடுத்துக் குடிப்பேன்.

இரண்டு கிழமை கடந்ததும் டொக்டர் சோதனையைத் தொடங்கினார். இடுப்புக்கும் கைக்கும் இடையில் பாலம்போல இருந்த அந்தத் தோல் குழாயில் மென்மையான கிடுக்கி ஒன்றைப் போட்டு, இடுப்பிலிருந்து வரும் இரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்துவது. கை தானாகவே மடலுக்கு இரத்தம் கொடுக்கத் தொடங்கியிருந்தால் நிறம் மாறாது. கொடுக்காவிட்டால் மாறும். மாறினால் உடனே கழற்றவேண்டும்.

முதல் முறை கிடுக்கியைப் போட்டார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அப்பா நிமிர்ந்தார்.

"கழட்டச் சொல்லு" என்றார் மாமாவிடம்.

எனக்கே தெரிந்தது. பனங்கட்டி, சாம்பல் தட்டிய நிறமாகியிருந்தது. தாதி கிடுக்கியைக் கழற்றினாள். நிறம் திரும்பி வர எடுத்த நேரம் எனக்கு முடிவில்லாததுபோல இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் ட்ராமில் அப்பா இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டார். மாமாவும் நானும் சொல்லவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தோம்.

அடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மடல் தாங்கத் தொடங்கியது. ஒரு நாள் நெடுநேரம் கிடுக்கி இருந்தும் நிறம் அப்படியே நின்றது. டொக்டர் வந்து பார்த்தார், தொட்டார், பேனாவை வைத்துக் கேட்டார். நல்லது, நாளைக் காலை பிரித்துவிடலாம் என்றார். அம்மா அழத் தொடங்கிவிட்டார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அப்பா மட்டும் யன்னல் பக்கம் போய் நின்று, அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"சின்னவிரல் பக்கத்து ஓரம். அது வேறை மாதிரிக் கிடக்கு."

"அத்தான், டொக்டர் எல்லாம் நல்லா இருக்கெண்டு சொல்லுறா."

"நீ சொல்லு அவவுக்கு. அந்த ஓரம் நேற்று இப்பிடி இல்லை."

"எனக்கு ஏலாதப்பா இனி" என்றார் அம்மா.  "நாளைக்கு வெட்டட்டும். இன்னும் ஒரு இரவு இப்பிடிக் கிடக்க எனக்கு ஏலாது. டொக்டருக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியுது?"

அப்பா அம்மாவிடம் எதையும் மறுத்துப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பேசுவதற்கு இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்ததும் இல்லை.

"கிடவும்" என்றார். "நான் இருக்கிறன். கிடவும்."

மாமா அதை டொக்டருக்கு ஜெர்மனில் சொன்னார். டொக்டர் திரும்பி வந்து விளக்கை அணைத்தார். அப்பா காட்டிய இடத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார். இன்னொரு முறை அழுத்தினார். பேனாவை அந்த ஓரத்தில் மட்டும் வைத்து நெடுநேரம் கேட்டார். சத்தம் இருந்தது, ஆனால் மெல்லிசாக இருந்தது. இதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார் அவர். தெரியாதபோது காத்திருப்பதே நல்லது. இன்னும் சில நாள் பொறுப்போம்.

அம்மா அன்று பின்னேரம்வரை அப்பாவோடு பேசவில்லை. அப்பாவும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அந்தச் சில நாளும் பொறுத்த பிறகுதான் பிரித்தார்கள். நாங்கள் நடையில் இருந்தோம். அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் வந்து முகமூடியைக் கழற்றினார். மடல் உயிரோடு இருக்கிறது என்றார். சின்னவிரல் பக்கத்து ஓரத்தில் ஒரு சிறு இடம் மட்டும் பிறகு கறுத்து, அதை வெட்டிவிட்டுத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டவேண்டி வந்தது. முதலில் சொன்ன நாளிலேயே பிரித்திருந்தால் முழுவதும் போயிருக்குமா, அல்லது இதேதான் நடந்திருக்குமா என்று மாமா ஒரு முறை டொக்டரிடம் கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர்.

அம்மா வீட்டுக்கு வந்தார். புறங்கையில் பணிஸ் ரொட்டி ஒன்றை ஒட்டிவைத்ததுபோல இடுப்புத் தோல் உப்பிக்கொண்டு இருந்தது. பின்னர் இரண்டு முறை அதை மெலிதாக்கினார்கள். வயிற்றுச் சதை என்றபடியால், அம்மா உடம்பு வைத்தால் அதுவும் கூடவே உடம்பு வைத்தது. விரல்கள் பாதிதான் மடங்கின. சலவைத் தொழிற்சாலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. அப்பா தன் கடையில் கேட்டு ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கிக்கொண்டார்.

அப்படி ஒரு ஞாயிறு. குளிர்காலம் முடிந்து, குசினி யன்னலால் வெளிச்சம் மேசைவரை வந்திருந்தது. விரல் பயிற்சிக்காக அம்மா ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்குப் பயறை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா தேத்தண்ணியோடு தொட்டியில் சாய்ந்து நின்றார். தலையை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்திருந்தார். வெளியே ஒரு முகில் போய்க்கொண்டிருந்தது. அது விலகும்வரை அவர் கோப்பையை வாயில் வைக்காமல் காத்திருந்தார்.

 அந்தப் பார்வை எனக்குத் தெரியும். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவின் வலக்கையைப் பிடித்தேன். பயறு சிந்தியது. கையைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. தாதி செய்வதுபோல அழுத்தி விட்டுப் பார்த்தேன். ஓரங்களைப் பார்த்தேன், சின்னவிரல் பக்கத்தை இரண்டு முறை பார்த்தேன். எல்லாம் நேற்றுப்போலவே இருந்தது. நிமிர்ந்தபோதுதான் கண்டேன், அப்பா கையைப் பார்க்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, கை இஞ்சை இருக்கு."

"ஓம் பிள்ளை, தெரியும்."

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றார் அம்மா. சிந்திய பயறைப் பொறுக்க வேண்டும்போலக் குனிந்தார், ஆனால் ஒன்றையும் பொறுக்கவில்லை. அவருடைய காதுக்குக் கீழே நிறம் மாறியிருந்தது. அதை நான் கண்டேன். வெயில் என்று நினைத்தேன்.

எனக்கு அப்பாமேல் சரியான கோபம். எவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய கை. டொக்டர் அவரை நம்பி ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார், அவர் வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். இனி அவரை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் தொடக்கம் பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவை யன்னலடிக்குக் கூட்டிப்போய், விளக்கை அணைத்துவிட்டு, கையை நானே பார்க்கத் தொடங்கினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்பார்.